ஆறு மணிக்கு மேல் ஓடாத லாரி

என் அண்ணனுக்குச் சிரம்பானில் ஒரு பெண் இருப்பதாகத் தோட்டம் முழுக்கப் பேச்சு. ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் பேசினார்கள், கோயில் வாசலில் பேசினார்கள், கள்ளுக்கடையில் பேசாமல் இருப்பார்களா? ஐம்பத்தாறு வயது மனிதர். முன்பல் இரண்டு இல்லை. முழங்காலுக்கு நான் கொடுத்த தைலத்தின் வாடை அவருக்கு முன்னால் வந்து நிற்கும். இந்த மன்மதனுக்கு ஒரு பெண்ணா என்று நானும் முதலில் சிரித்தேன்.

பேச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் ரப்பர்த் தோட்டம் லிங்கி ஆற்றோரம் இருந்தது. அண்ணன் தோட்டத்து லாரி டிரைவர். செவ்வாயும் வெள்ளியும் ரப்பர் ஷீட் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சிரம்பான் போவார். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், என் ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி என்று ஏற்றிக்கொண்டு சாயங்காலமே திரும்பிவிடுவார். சில மாதங்களாக அந்த வழக்கம் மாறியது. அங்கே கொஞ்சம் தாமதமானால் போதும், இரவு சிரம்பானிலேயே தங்கி மறுநாள் காலையில்தான் வந்தார். கேட்டால் டயர் பஞ்சர் என்பார். அடுத்த வாரம் ரேடியேட்டர் கொதித்துவிட்டது என்பார். அந்த லாரிக்கு வராத வியாதி இல்லை. ஆனால் எல்லாம் சாயங்காலத்தில் மட்டும் வந்தது.

நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்சராக இருந்தேன். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் நான்தான். என்னை டிரெஸ்சர் ஆக்கியவர் அண்ணன். எனக்கும் அவருக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். நடுவில் பிறந்தவர்கள் யாரும் தங்கவில்லை. அப்பாவையும் அம்மாவையும் ஒரே மழைக்காலத்துக் காய்ச்சல் கொண்டுபோனபோது எனக்கு ஐந்து வயது. அண்ணன் அப்போது தோட்டத்து மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், புதிதாகக் கல்யாணம் ஆனவர். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அந்த இடத்தில் நான் வளர்ந்தேன். என்னைச் சிரம்பானில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, அந்த வண்டியிலேயே அரிசியும் கருவாடும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.

லாரி வந்தபோது அவருக்கு நாற்பது வயது. மாடு பத்தினவனுக்கு மோட்டார் எதற்கு என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கேலி பேசினார். அண்ணன் மூன்றே மாதத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அவர் சக்கரத்தில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை. லாரி ஓட்டும் நாளில் கள்ளைத் தொடமாட்டார். முந்தின நாள் எட்டு மணிக்கே படுத்துவிடுவார். வயிறு முட்டச் சாப்பிட்டால் கண் சொருகும் என்று மத்தியானம் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். பாதி வழியில் ரந்தாவில் இறங்கிப் பத்து நிமிஷம் நடப்பார், கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார், முழங்காலை நீவிவிட்டுக்கொண்டுதான் மறுபடி ஏறுவார். வயதாக ஆக இதெல்லாம் கூடிக்கொண்டே போனது. மற்ற தோட்டத்து டிரைவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். "கழுத்து திரும்பாதவன் லாரி ஓட்டக்கூடாதுடா, கட்டைவண்டி ஓட்டணும்" என்பார் அவர்களிடம்.

இப்படிப்பட்ட மனிதரைப் பற்றித்தான் ஊர் பேசியது. ஒரு நாள் அண்ணி என் ஆஸ்பத்திரிக்கு வந்து, நோயாளிகள் எல்லாம் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பால்மரம் வெட்டப் போன கோலத்திலேயே வந்திருந்தாள், தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"தம்பி, நீ ஒரு வாட்டி அவரோட சிரம்பான் போயிட்டு வா. யாரு என்னன்னு பாத்துச் சொல்லு. நான் சண்டை போட மாட்டேன். தெரிஞ்சாப் போதும்" என்றாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண்பிள்ளை இப்படிக் கெஞ்சியதில் எனக்கு அண்ணன்மேல் நல்ல கோபம் வந்தது.

மருந்து வாங்க வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை லாரியில் ஏறிக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்து அரிசிக் கடையில் தாமதம். மணி ஐந்தைத் தாண்டியது. அண்ணன் வானத்தைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், மறுபடி வானத்தைப் பார்த்தார். மூட்டையெல்லாம் ஏற்றி முடித்ததும் இஞ்சின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு, "ஓடாது தம்பி. நாளைக்குக் காலையிலதான்" என்றார். காலையிலிருந்து அந்த இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தவன் நான். அதற்கு ஒரு கேடும் இல்லை.

அவர் வழக்கமாகத் தங்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். அது ஒரு ராவுத்தருடைய சாப்பாட்டுக் கடை. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கடைக்குப் பின்னால் லாரியை நிறுத்திக்கொள்ள விட்டிருந்தார். பெண் எங்கிருந்தாவது வருவாள் என்று நான் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது, கடைக்குள் இன்னும் விளக்கு ஏற்றவில்லை. ராவுத்தர் இரண்டு கிளாஸ் தேநீரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் கையை நீட்டினார். கை கிளாஸுக்கு ஒரு சாண் தள்ளிப் பலகையைத் தடவியது. மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து, சூடு பட்டதும் நின்றது. பார்த்துப் பழகியவராக ராவுத்தர் திரும்பி வந்து கிளாஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எத்தனை நாளாண்ணே?" என்று கேட்டேன்.

"சத்தம் போடாத" என்றார். கொஞ்ச நேரம் தேநீரைக் குடித்தார். "ஒரு வருசம் இருக்கும். பகல்ல ஒண்ணுமில்ல. வெளிச்சம் எறங்கினா எல்லாம் புகை. எதிர்ல வண்டி வெளக்கு வந்துச்சுன்னா வெள்ளையா அப்பிக்கிது."

"ஊரெல்லாம் என்ன பேசுதுன்னு தெரியுமா? அண்ணி அழுவுது."

"தெரியும். பொம்பளை வச்சிருக்கான்னா சிரிப்பானுங்க, அப்புறம் மறந்துடுவானுங்க. கண்ணு தெரியலன்னா கப்பல் ஏத்திடுவானுங்கடா."

அது உண்மை. ரப்பர் விலை படுத்துக் கிடந்த வருஷங்கள் அவை. வேலைக்கு ஆகாதவர்களைத் தோட்டங்கள் கும்பல் கும்பலாக நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. அங்கே அண்ணனுக்கு யார் இருந்தார்கள்? அவர் பதினாறு வயதில் விட்டுவந்த ஊர். டிரைவர் வேலை போனால் ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் டிரைவருக்கென்று கொடுத்திருந்த வீடும் போய்விடும். தன் மானத்தைக் கொடுத்துத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன்.

அண்ணியிடம் சொன்னபோது அவள் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கண்ணுதானா? வெறும் கண்ணுதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள்.

நான் டார்ச்சு அடித்து அவர் கண்ணைப் பார்த்தேன். இரண்டு பாவையிலும் கஞ்சித் தண்ணீர் விட்டதுபோல ஒரு மங்கல். அதற்குப் பெயர் புரை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெறும் மாலைக்கண்ணாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மீன் எண்ணெய் கொடுத்தேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் புரையை எடுத்துவிடுவார்கள், மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று சொன்னேன். மூன்று மாதம் தோட்டத்தை நடத்தும் துரை காத்திருப்பாரா என்று கேட்டார். நான் மேலே வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும். நோயாளி சொன்னான் என்று மருந்தை நிறுத்துகிறவன் என்ன டிரெஸ்சர்?

வருஷத்துக்கு ஒருமுறை டிரைவரின் உடம்பையும் கண்ணையும் சோதித்து எழுதித் தர வேண்டும் என்பது எங்கள் துரையின் ஏற்பாடு. சோதனையை எப்போதும் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத்தான் செய்வேன். இருபது காலடி தள்ளி நின்று விரலைக் காட்டுவேன், அண்ணன் எண்ணிச் சொல்வார். பளிச்சென்ற காலை வெயிலில் அந்த வருஷமும் சரியாகத்தான் சொன்னார். படிவத்தில் பகலுக்கு ஒரு கட்டம், இரவுக்கு ஒரு கட்டம். பகலில் 'தகுதி' என்று எழுதினேன். இரவுக் கட்டத்தில் பேனா நின்றது.

"ஆறு மணிக்கு மேல சாவியத் தொட மாட்டேன் தம்பி. சத்தியமா" என்றார் அண்ணன். அவருக்குப் பின்னால் அண்ணி நின்றிருந்தாள். அன்று வெட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தாள்.

இரவுக் கட்டத்திலும் 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்த துரை, "உன் அண்ணனுக்கு வயதாகிறதே, இரண்டாவதாக ஒரு டிரைவரைச் சேர்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமத்திலிருந்து ஓர் இளைஞன் வேலை கேட்டு வந்திருந்தானாம். இன்னொருவன் வந்தால் அண்ணனை ஓரங்கட்டிவிடுவான் என்று எனக்குப் பயம். அவசியமே இல்லை, இன்னும் ஐந்து வருஷம் தாராளமாக ஓட்டுவார் என்றேன். துரை தலையாட்டினார். எங்கள் தோட்டத்தில் இருந்திருக்கக்கூடிய இன்னொரு டிரைவரை நான் அந்த நிமிஷத்தில் இல்லாமல் செய்தேன். அப்போது அது எனக்குச் சாமர்த்தியமாகத் தெரிந்தது.

எனக்குக் கல்யாணமானது தாமதமாக. முப்பத்தாறு வயதில். என் மனைவி லாபு ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பெண், என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். வாய் ஓயாமல் பேசுவாள், நான் மருந்து கலக்கும்போது பின்னால் வந்து என்னைப்போலவே குரலை மாற்றி, "மூணு வேளை, சாப்பாட்டுக்குப் பொறவு" என்பாள். கையெழுத்துப் போட்ட அந்த வருஷம்தான் உண்டானாள். எட்டாம் மாதம் கால் வீங்கியது. கடைசி இரண்டு வாரம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் போய் இருக்கட்டுமா என்று கேட்டாள்.

"எதுக்கு? நான் டிரெஸ்சரு, வீட்டுலயே இருக்கேன். ஏதும் அவசரம்னா லாரி இருக்கு, அண்ணன் இருக்காரு. என்ன பயம் ஒனக்கு?" என்றேன்.

"ஆமால்ல, மாமா இருக்காரு" என்று நிம்மதியாகச் சிரித்தாள். அவளிடம் அண்ணனின் கண்ணைப் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கே அது ஞாபகத்தில் இல்லை. எழுதிய பொய்யை நான் நம்பத் தொடங்கியிருந்தேன். இதைப் பல வருஷம் யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

மாதம் நிறைந்து ஒரு நாள் மத்தியானம் மழை பெய்து விட்டிருந்தது. இரண்டு மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. அண்ணி வந்துவிட்டாள். நாலு மணிக்கு அண்ணன் ஆஸ்பத்திரியை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, இப்பவே கெளம்பிடலாமா? வெளிச்சம் இருக்கு. ஒண்ணரை மணி நேரத்துல கொண்டுபோய்ச் சேத்துடுவேன்."

"வேணாம்ணே. நான் பாத்துக்குறேன். இது நமக்குப் புதுசா?"

அவர் போகவில்லை. லாரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். சாயும் வெயிலை மேற்கே கை நீட்டிக் காட்டினார். நான் கையை அசைத்துப் போகச் சொன்னேன்.

குழந்தை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்தது. பையன். அழவே இல்லை. தலைகீழாகப் பிடித்தேன், முதுகில் தட்டினேன், வாயில் ஊதினேன். அண்ணி என் கையிலிருந்து அவனை வாங்கித் துணியில் சுற்றினாள். அதற்குள் என் மனைவிக்கு உதிரம் போகத் தொடங்கியது. நஞ்சுக்கொடி முழுதாக வந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். வயிற்றைப் பிசைந்தேன், ஊசி போட்டேன், கட்டிலின் கால்பக்கம் செங்கல் வைத்து உயர்த்தினேன். துணி மேல் துணியாக நனைந்தது. என்னால் நிறுத்த முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

"அண்ணே, லாரிய எடுங்க!" என்று கத்தினேன்.

மெத்தையோடு தூக்கி லாரியின் பின்னால் படுக்க வைத்தோம். அண்ணி மடியில் அவள் தலை. துரை காரோடு வெளியூர் போயிருந்தார். மேஸ்திரி வேலை பார்த்த மண்டோரைச் சைக்கிளில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்து லாரியைக் கூட்டிவரும்படி துரத்தினேன். அண்ணன் ஏறி உட்கார்ந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். விளக்கைப் போட்டார். லாரி ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து இறங்கி, ஆலையைத் தாண்டி வளைந்தது. கடைக்குப் போய்விட்டு நடுப்பாதையில் நடந்து வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. புருஷன், பெண்சாதி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. அண்ணன் நிறுத்துவார் என்று நினைத்தேன். லாரி நேராகப் போனது. நான் கத்தினேன். அவர்கள் அலறிக்கொண்டு வாய்க்காலில் குதித்தார்கள். அதற்குப் பிறகுதான் அண்ணன் பிரேக்கை மிதித்தார். அவர் கேட்டது அலறலை மட்டும்தான். யாரையும் அவர் பார்க்கவில்லை.

இஞ்சினை அணைத்தார்.

"முடியாது தம்பி."

"என்னண்ணே முடியாது? பதினாறு வருசமா ஓட்டின ரோடு!"

"இன்னும் ஆத்தோரம் போவணும். அஞ்சு மைல் ஆறு. எனக்கு ரோடே தெரியல. அவளையும் ஒன்னையும் ஒன் அண்ணியையும் கொண்டுபோய்த் தண்ணியில விட்டுருவேன். ரோட்டுல இன்னும் எத்தனை பேரோ."

"ஓட்டு!"

வாழ்நாளில் முதல் தடவையாக அவரை ஒருமையில் பேசினேன். அவர் சாவியை எடுத்து என் மடியில் வைத்தார். எனக்கு ஓட்டத் தெரியாது. அதை எடுத்து அவர் முகத்தில் எறிந்தேன்.

"உன் கண்ணு அவிஞ்சு போக" என்றேன்.

என்னைத் தூக்கி வளர்த்த மனிதரிடம் சொன்னேன். பின்னாலிருந்து அண்ணி, "தம்பி!" என்றாள். அண்ணன் இறங்கிவிட்டார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் கையால் தொழிலாளர் லயத்து வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே ஓடினார்.

அவரே வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். புல்லுக்கட்டு ஏற்றும் வண்டி. அவளை அதில் மாற்றினோம். மாடுகளுக்கு ஆற்றங்கரைப் பாதை நன்றாகத் தெரியும். அண்ணன் நுகத்தடிக்கு அருகில் உட்கார்ந்துகொண்டு, இருபது வருஷத்துக்கு முன்னால் பேசியதுபோல அவற்றோடு பேசிப் பேசி ஓட்டினார். நடுநடுவே, "தாயி, இந்தா வந்துட்டோம், தாங்கிக்கோ தாயி" என்று திரும்பாமலே அவளிடமும் பேசினார். முதலில் அவள் 'ம்' கொட்டினாள். தாகமாயிருக்கிறது என்றாள். பிறகு என் பெயரைச் சொல்லாமல், "ஏங்க" என்று மட்டும் கூப்பிட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது மைல்கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் விரலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். முன்னால் அவர், "தாங்கிக்கோ தாயி, தாங்கிக்கோ" என்று சொல்லிக்கொண்டே மாட்டை விரட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு மைல் தூரம் அப்படியே போனோம்.

எதிரே பக்கத்துத் தோட்டத்து லாரி வந்தது. விளக்கு வெளிச்சம் முகத்தில் அடித்ததும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை நிறுத்தி, கீழே குதித்தார். "வந்துட்டான் தம்பி! லாரி வந்துடுச்சு! தூக்கு, சீக்கிரம் தூக்குடா!" என்று வண்டியின் பின்பக்கம் தடவிக்கொண்டு ஓடிவந்தார். நாங்கள் இருவரும் அசையவில்லை. அவர் கை அவள் காலில் பட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு எடுத்துவிட்டார்.

தாயையும் பிள்ளையையும் ஒரே குழியில் வைத்தோம். மறுநாள் துரை திரும்பியதும், நான் போவதற்கு முன்னால் அண்ணன் பங்களாவுக்குப் போய்விட்டார். துரையிடம் அவர், எனக்குச் சாயங்காலத்தில் கண் தெரியாது, ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, டிரெஸ்சரை நான் ஏமாற்றிவிட்டேன், அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் போனபோது துரை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சொந்த அண்ணனே உன்னை இப்படி வஞ்சித்துவிட்டானே என்றார். இல்லை துரை, எனக்குத் தெரியும் என்று சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை தங்கியது.

அந்த மலாய்க்கார இளைஞனை அதே வாரம் வேலைக்கு வைத்தார்கள். தன்மையான பையன், நன்றாக ஓட்டினான். அவன் லாரிச் சத்தம் கேட்டால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அதற்குப் பிறகு நான் அந்தத் தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் டிரைவர்களின் கண்ணைக் காலையில் சோதித்ததே இல்லை. சூரியன் இறங்கிய பிறகு வரச் சொல்வேன். விளக்கை எதிரே பிடித்துக்கொண்டு விரலைக் காட்டுவேன். வயதானவர்கள் என்னைத் திட்டினார்கள், ஒருவர் காலில்கூட விழுந்தார். நான் அசையவில்லை. ஆனால் அதை எப்போது செய்திருக்க வேண்டுமோ அப்போது செய்யவில்லை.

அண்ணனுக்குப் புல் வெட்டும் வேலை தருவதாகத் துரை சொன்னார். அவர் ஊருக்கே போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். கப்பலுக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த மாதம் முழுக்க அண்ணி எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. நானும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. தவறு என்னுடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று அவர் ஓட்டியிருந்தால் ஆற்றில்தான் போயிருப்போம் என்பதும் தெரியும். தெரிந்தும் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஓட்டியிருக்கலாமே என்று ஒன்று உள்ளே கிடந்து கத்தியது.

சிரம்பான் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். போகாமல் இருந்தால் ஊர் பேசும் என்றுதான் போனேன், மறைத்து என்ன பயன்? இரண்டு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருட்டு, அவ்வளவுதான் அவர்கள் சாமான். அவர்களை ஏற்றி உட்கார வைத்தேன். தண்ணீர்க் கூஜாவைக் கொடுத்தேன். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் நிற்கும் இடத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டு முகத்தைத் திருப்பினார். பகல் வெளிச்சம்தான். என்றாலும் அவர் என்னைப் பார்த்தாரா, என் சட்டையைத்தான் பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"அன்னிக்கு நான் ஓட்டியிருக்கணுமா?"

ரயில் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. நிறைய நேரம். இல்லைண்ணே, நீங்க செஞ்சதுதான் சரி, தப்பெல்லாம் என்னோடது என்று சொல்ல அரை நிமிஷம் போதும். கூஜாவின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பசியெடுத்தால் சாப்பிட வாழைப்பழம் வாங்கி வரட்டுமா என்று அண்ணியைக் கேட்டேன். வாங்கி வந்தும் கொடுத்தேன். அண்ணன் காத்துக்கொண்டே இருந்தார். விசில் ஊதியது. அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். நான் அதைப் பிடித்தேன், சொல்லவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் எழுதினேன். மூன்று பக்கம். படிவத்தில் எழுதிய பொய், துரையிடம் சொன்ன பொய், நாலு மணிக்கு அவர் கூப்பிட்டதும் நான் மறுத்தது, எல்லாவற்றையும் எழுதினேன். நீங்கள் ஓட்டாமல் நிறுத்தியதுதான் அன்று நடந்த ஒரே சரியான காரியம் என்று எழுதினேன்.

அண்ணி யாரையோ கொண்டு எழுதி அனுப்பிய பதில் இரண்டு மாதத்தில் வந்தது. உன் கடுதாசி கிடைத்தது, அவர் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆன பிறகு வந்தது என்று எழுதியிருந்தாள். ஊருக்கு வந்த ஆறாவது மாதமே அவருக்கு இரண்டு கண்ணும் அடைத்துவிட்டதாம். அந்தக் கேள்வியை அவளிடமும் தினம் கேட்பாராம். ஓட்டியிருக்கவே கூடாது, நீங்க செய்ததுதான் சரி என்று அவளும் தினம் சொல்வாளாம்.

"நீ சொன்னா ஆச்சா, தம்பி சொல்லட்டும் என்பார்" என்று எழுதியிருந்தாள்.